வீட்டிலேயே சைக்கிள் வேலை: கழற்றுவதற்கு முன்னால் பாருங்கள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் போய் வருகிறாள். மாமனார் ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிளும் வீட்டில் நிற்கிறது. ஊர் முக்கில் இருந்த சைக்கிள் கடை டூவீலர் பஞ்சர் கடையாகிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் "நாளைக்கு வாங்க" என்கிறார்கள். வீட்டிலேயே பழகிக்கொள்ள முடியுமா, என்ன வாங்க வேண்டும், எதில் தொடங்குவது, எதைத் தொடக் கூடாது?

முடியும். தோட்டத்து மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் ஃபுட் வால்வா, கிளாண்டு கயிறா, ஃபியூஸா என்று ஆளாளுக்கு யோசனை சொல்லும் ஊர்கள் நம்முடையவை. சைக்கிளுக்கும் அந்த யோசனைதான் வேண்டும். நான் கோவையில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு சைக்கிள் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். கையில் பலம் போதாமல் வேலை கெட்டது அபூர்வம். கோளாறு எங்கே என்று பார்க்கும் முன்பே நட்டில் ஸ்பேனரை மாட்டிவிடுவதால்தான் கெடுகிறது. ஆகவே எதைக் கழற்றுவது என்பதோடு எதைக் கழற்ற வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காற்றடைத்த டயரே ஒரு வீட்டில் செய்து பார்த்த பொருள்தான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடட்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டிப் பார்த்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். மாட்டு வைத்தியருக்கு வந்த வேலை மாடு வளர்க்கும் நமக்கு வராதா என்ன.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். நின்றுகொண்டு இரண்டு கையாலும் அடிக்கிற பம்பு ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், காற்றளவு காட்டும் மீட்டர் உள்ளதாக இருந்தால் நல்லது. டயர் கழற்றும் லிவர் இரண்டு, பஞ்சர் சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள். 8 முதல் 15 வரை அளவுள்ள ஸ்பேனர்கள், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், நடுத்தரச் சுத்தியல், சக்கரக் கம்பியின் (ஸ்போக்) முனை நட்டான நிப்பிளைத் திருகும் நிப்பிள் கீ. கியர் சைக்கிள் என்றால் 4, 5, 6 அளவு எல்-கீ வேண்டும். எண்ணெய்க்கும் துடைப்பதற்கும் அலைய வேண்டியதில்லை. தையல் மெஷின் எண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் திருப்பூரைச் சுற்றி எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும்.

பஞ்சரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கத்தில் பாதித் தொல்லை அதுதான். கொறங்காட்டு வேலியெல்லாம் முட்கிளுவை. வேலி கழிக்கும் நாட்களில் இட்டேரி முழுக்க முள் சிதறிக் கிடக்கும். அதோடு வெள்வேல், சீமைக்கருவேலம், மழைக்குப் பின் நெருஞ்சி.

காற்று இறங்கிவிட்டது என்றதும் டயரைக் கழற்றாதீர்கள். முதலில் வால்வைப் பாருங்கள். பழைய வகை வால்வுக்குள் ஊசி போன்ற தண்டின் மேல் ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். வால் டியூப் என்று கேட்டால் கடையில் தருவார்கள். நம் வெயிலுக்கு அது வெடித்துப்போகும். காற்றடித்துவிட்டு வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சிலோ சோப்பு நீரோ வையுங்கள். குமிழி வந்தால் டியூபில் குற்றமில்லை, ரப்பரை மாற்றினால் போதும். நான்கு விரல் நீளத் துண்டு ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பைக்கில் இருப்பது போன்ற வால்வு என்றால், உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கிப் பாருங்கள்.

வால்வு சரியாக இருந்தால் டயருக்குப் போகலாம். அப்போதும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. பின்சக்கரத்தைக் கழற்றினால் செயின், கேரியர் கம்பி, ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் பூட்ட வேண்டும். பழைய கடைக்காரர்கள் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே டயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவி ஒட்டிவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மிச்சக் காற்றை முழுவதும் விட்டுவிட்டு, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு கட்டைவிரலாலும் டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்துங்கள். அங்கே சுற்றளவு குறைவு, டயர் தானாகத் தளரும். பிறகு லிவர் வழுக்கிக்கொண்டு நுழையும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறவர்கள் ஒரு பஞ்சரை இரண்டாக்குவார்கள். லிவர் இல்லாவிட்டால் முனை மழுங்கிய கரண்டிக் காம்பு பரவாயில்லை.

டியூபில் கொஞ்சம் காற்றடித்துத் தண்ணீர்க் குண்டாவில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். குமிழி கிளம்பும் இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெரிய கூட்டல் குறி போடுங்கள். சின்னப் புள்ளி வைத்தால் உப்புத்தாள் தேய்க்கும்போது அழிந்துவிடும், ஓட்டையை மறுபடி தேட வேண்டியிருக்கும். ஒன்றைக் கண்டதும் நிறுத்தாமல் முழு வட்டமும் பார்த்து முடியுங்கள்.

அடுத்ததைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டையை ஒட்டிவிட்டு முள்ளை டயரிலேயே விட்டுவிட்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் முன் மறுபடி காற்று இறங்கும். டியூபை வால்வு இருக்கும் இடத்தோடு பொருத்தி டயரின் மேல் சுற்றிப் பிடியுங்கள். கூட்டல் குறி எங்கே வருகிறதோ அந்த இடத்தில் டயரின் உட்பக்கம்தான் முள் இருக்கும். முட்கிளுவை முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியாது. விரலைவிட்டுத் தடவ வேண்டாம். பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றை டயருக்குள் வைத்து இழுத்துக்கொண்டே போங்கள். நுனி இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். கட்டிங் பிளேயரால் உட்பக்கமாகப் பிடித்து உருவுங்கள். பிடி கிடைக்காவிட்டால் டயரை மடக்கி வெளியிலிருந்து ஊசியால் தள்ளுங்கள்.

ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சாலைப் பக்கம் என்றால் முள், கண்ணாடி, ஆணி. கம்பிப் பக்கம் என்றால் முள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரிம்முக்குள் சுற்றும் ரப்பர் டேப் விலகி, கம்பியின் முனை டியூபைக் குத்துகிறது. டேப்பை மாற்றாமல் டியூபை ஒட்டிக்கொண்டே இருப்பது வீண் வேலை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருக்கும்போது கல்லில் ஏறியதால் டியூப் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றில்லாமல் ஓட்டியதால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வை இழுத்திருக்கிறது. அதை ஒட்ட முடியாது, டியூபை மாற்ற வேண்டியதுதான்.

ஒட்டுவது எளிது. பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒட்டுத் துண்டைவிடக் கொஞ்சம் அகலமாக சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். தடவியதும் ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடம் காயட்டும், விரல் வைத்தால் ஈரம் வரக் கூடாது. பழைய டியூபில் வெட்டிய துண்டு என்றால் அதையும் தேய்த்து, அதன் மேலும் சொல்யூஷன் தடவிக் காயவிட வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலை முதலில் உரியும். ஒட்டிய பின் சுத்தியல் காம்பால் நன்றாகத் தேய்த்து, மேலே முகப் பவுடரைத் தூவுங்கள். டியூபை உள்ளே விடும்போது அதன் வட்டம் நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று இருக்கட்டும். டயர் விளிம்பை ஏற்றுவதை வால்வில் முடியுங்கள். முழுக் காற்றும் அடிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் விளிம்பைப் பிரித்து, டியூப் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். வாரம் ஒருமுறை அடியுங்கள். வெயில் காலத்தில் முழுக் காற்று அடித்தால் வெடித்துவிடும் என்ற பயம் நம் ஊரில் உண்டு. காலையில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 30 டிகிரி கூடுதலாகச் சூடானாலும் ஏறுவது ஆறேழுதான். நல்ல டயர் அதைத் தாங்கும். வெடிப்பது பெரும்பாலும் பக்கவாட்டில் நூல் தெரியும் டயர்தான். அதற்கு மருந்து காற்றைக் குறைப்பதல்ல, டயரை மாற்றுவது.

செயினுக்கு வருவோம். கழன்று கழன்று விழுகிறது என்றால் உடனே ஒரு கண்ணியை வெட்டச் சொல்வார்கள். முதலில் பின்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள்; டயருக்கு இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். பிறகு கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மொத்தம் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் என்றால் பின் ஆக்சிலின் இரண்டு நட்டுகளையும் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, வலது நட்டைக் கொஞ்சம், இடது நட்டைக் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்குங்கள். பெடலைச் சுற்றினால் செயின் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். பல்சக்கரம் சுத்த வட்டமாக இருப்பதில்லை. இறுகும் இடத்தை வைத்தே அளவு பாருங்கள். சக்கரம் நகர்ந்தால் பிரேக் கட்டையின் இடமும் மாறிவிடும், அதையும் சரிசெய்யுங்கள்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று ஒரு அடி ஸ்கேலே சொல்லும். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம் என்பது அநேகமாக எல்லா சைக்கிள் செயினுக்கும் பொதுவான கணக்கு. ஸ்கேலின் தொடக்கத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் இருபத்து நான்காவது இடைவெளி முடியும் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளிவிட்டால் முன்னால் உள்ள பல்சக்கரமும் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீ வீலும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்; புதுச் செயின் போட்டாலும் பல்லைத் தாண்டிக் குதிக்கும்.

எண்ணெய் விஷயத்தில் ஊரோடு எனக்குச் சண்டை உண்டு. காங்கேயத்தைச் சுற்றிக் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும். வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாத நாளில்லை. அதைச் செயினுக்கு விடாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மார்கழிக் காலையில் செயின் மேல் வெள்ளையாகப் படிந்து நிற்கும். நாள்பட்டால் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பைக்கிலிருந்து வடித்த கழிவு எண்ணெயும் வேண்டாம், அதில் இரும்புத் துகள் கலந்திருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் நல்லது, ஆனால் மெல்லியது, சீக்கிரம் வற்றும். மழைக்காலத்தில் புது என்ஜின் ஆயில் ஒரு சொட்டு இன்னும் நிற்கும். டீசலும் பழைய பல் பிரஷும் கொண்டு அழுக்கை எடுத்து, துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பெடலைச் சில சுற்று சுற்றிவிட்டு வெளிப்புற எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளேதான். வெளியே நிற்பது, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்குப் புழுதி சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இனி உங்கள் மாமனாரின் சைக்கிளில் கட்டாயம் வரப்போகும் கோளாறு. மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை "டக்" என்று தட்டும். எல்லாரும் பெடலைக் குறை சொல்வார்கள். பெடலைத் தாங்கும் இரும்புத் தண்டுதான் கிராங்க். ஒரு பக்கக் கிராங்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பெடல் மட்டும் தனியாக ஆடினால் பெடலின் பால்ரஸ் தேய்ந்திருக்கிறது. இரண்டு கிராங்கும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் நடு ஆக்சிலின் கப் தளர்ந்திருக்கிறது. ஒரு கிராங்க் அசையும்போது மற்றது அசையாமல் நின்றால் கோட்டர் பின்தான். கிராங்கை ஆக்சிலோடு பிணைக்கும் ஆப்பு அது. ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும்.

அதன் நட்டை இறுக்கிச் சரிசெய்யப் பார்ப்பது வழக்கம். நட்டு ஆப்பை இழுக்காது, ஆப்பு நகராமல் காவல் நிற்கும். அழுத்தி இறுக்கினால் மரை அறுந்துபோகும். சுத்தியலால் அடித்துத்தான் ஆப்பை உள்ளே இறக்க வேண்டும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடியெல்லாம் பால்ரஸ் மேல் போய் விழும், ஒரு கோளாறு போய் இன்னொன்று வரும். பின்னைக் கழற்றும்போது நட்டை முழுவதும் எடுக்காமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, மரை முனையோடு நட்டு சமமாக இருக்கும்போது அடியுங்கள், மரை சிதையாது. புதுப் பின்னின் சாய்வு ஒரு பக்கம் மேல் பார்த்தால் மறுபக்கம் கீழ் பார்க்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்கும். ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி நாலு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள்.

பெடலைக் கழற்ற வேண்டி வந்தால் இடது பெடலின் மரை தலைகீழ். வலம் இடம் என்று மனப்பாடம் செய்வதைவிட இப்படி நினைவில் வையுங்கள்: ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, பின்சக்கரப் பக்கம் இழுத்தால் இரண்டு பெடலும் கழலும், முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும்.

பிரேக்கில் உங்கள் அம்மணிக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. இரும்பு ரிம் நனைந்தால் பிடி பாதிக்குமேல் போய்விடும். ஐப்பசி மழையில் வழக்கத்தைவிட வெகு முன்பே பிடிக்கப் பழக வேண்டும். மற்றபடி கட்டைக்கும் ரிம்முக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. பிடித்தால் கட்டை முழுவதும் ரிம்மில் படிய வேண்டும், டயரில் உரசினால் டயர் அறுந்துவிடும். பிரேக் கேபிளில் கம்பி இழை ஒன்று பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பது ஒரே நாளில் வராது, ஆனால் சின்னக் கோட்டம் கைக்கு வந்துவிடும். சைக்கிளைச் சாக்கின் மேல் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். மட்கார்டு கம்பியில் கையை ஊன்றிச் சாக்பீஸை ரிம் அருகில் பிடித்தால், பிதுங்கும் இடத்தில் கோடு விழும். கோடு இடப்பக்கம் விழுந்தால், அந்த இடத்தில் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்தி, வலப்பக்கத்திலிருந்து வருவனவற்றைக் கால் சுற்று இறுக்குங்கள். டயர் பக்கமிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொண்டால் நிப்பிள் சாதாரணத் திருகுதான், வலம் சுற்றினால் இறுகும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பழைய கறுப்பு சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. ஒன்றைப் பிடித்து இழுத்தால் அதன் பாரம் மற்றவற்றின் மேல் மாறும். எட்டுப் போல வளைந்த சக்கரத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சக்கரங்களின் பால்ரஸுக்கு வருடம் ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், கிரீஸ் மாற்றினால் போதும். தாம்பாளத்தின் மேல் வைத்துப் பிரியுங்கள். சாதாரணமாக முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 3/16 அங்குலம் பத்து, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ¼ அங்குலம் ஒன்பது இருக்கும். ஆனாலும் எண்ணி எழுதி வையுங்கள். ஒன்று தேய்ந்திருந்தால் அத்தனையையும் மாற்றுங்கள். பால்ரஸை அணைத்துப் பிடிக்கும் கோனை இறுக்கும்போது சக்கரம் ஆடவும் கூடாது, கரகரக்கவும் கூடாது. வாட்டர் சர்வீஸ் பீச்சலை ஹப்பின் பக்கம் காட்ட வேண்டாம், தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸைக் கெடுத்துவிடும்.

தொடக் கூடாதவை: ஃப்ரீ வீலைப் பிரிக்காதீர்கள், உள்ளே பொடிப் பால்ரஸ் நிறைய, தேய்ந்தால் புதிதாகப் போடுவதுதான் லாபம். ஃபோர்க்கில் விரிசல் கண்டால் வெல்டிங் வைக்காமல் ஃபோர்க்கையே மாற்றுங்கள். அது ஒடிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக்கும் கடைக்காரர் வேலை.

உதிரிபாகம் வாங்கத் திருப்பூரோ ஈரோடோ போகும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். மாமனாரின் வண்டிக்கு அநேகமாக 28 × 1½. மகளுடையது 26 ஆக இருக்கலாம். 26 என்று மட்டும் கேட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். 26 × 1⅜ டயர் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர், 26 × 1.95 டயருக்கு 559. ஒன்று மற்றதின் ரிம்மில் ஏறாது. பழைய டயரையே கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. டியூப் வாங்கும்போது வால்வு எந்த வகை என்பதையும், ரிம்மில் உள்ள ஓட்டைக்குள் அது நுழையுமா என்பதையும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.